ஜப்பான் ராணுவ அதிகாரியாக நடித்த சேலம் முதலாளி... ‘பர்மா ராணி’ எடுத்த டி.ஆர்.சுந்தரம் யார்?

கோவையில் இருந்து பாலக்காடு ரோட்டில் போனால் மதுக்கரையில் சிமெண்ட் ஆலையும் ராணுவ முகாமும் இருக்கும். இந்த இரண்டுக்கும் பழைய தமிழ் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். கொஞ்சம் இருக்கு.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. பஞ்சாலைகள் வரிசையாக முளைத்தன. மதுக்கரை சுண்ணாம்புக் கல்லை நம்பி சிமெண்ட் ஆலை வந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். மின்சாரமும் பஞ்சில் சம்பாதித்த பணமும் சேர்ந்து கொங்கு மண்ணில் இன்னொரு தொழிலையும் எழுப்பின. அதுதான் சினிமா. கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ, சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்று சென்னைக்கே சவால் விடுகிற அளவுக்கு வளர்ந்தது.

ராணுவம் எங்கே வருகிறது? 1945-ல் வருகிறது. இரண்டாம் உலகப் போர் முடிகிற அந்த வருடத்தில் இந்த இரண்டு ஸ்டூடியோக்களில் இருந்தும் ஆளுக்கு ஒரு யுத்தப் படம் வெளியானது. கோவையில் இருந்து ‘என் மகன்’. சேலத்தில் இருந்து ‘பர்மா ராணி’.

‘பர்மா ராணி’யைத் தயாரித்து இயக்கியவர் டி.ஆர்.சுந்தரம். அதோடு நிற்கவில்லை, படத்தின் வில்லனான ஜப்பான் ராணுவ அதிகாரி வேடத்தையும் அவரே போட்டார். கோடீஸ்வரர், ஸ்டூடியோ முதலாளி, வெள்ளைக்காரப் பெண்ணின் கணவர். வெள்ளைக்கார அரசுக்கு எதிரி நாடாக இருந்த ஜப்பானின் யூனிஃபார்மை அவர் மாட்டிக்கொண்டது ஏன்? அதைப் புரிந்துகொள்ள அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நூல் படிக்கப் போனவர், பிலிமோடு நின்றவர்

திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம். பெயரிலேயே ஊர் இருக்கிறது. பிறந்தது 1907 ஜூலை 16. ஜவுளி வியாபாரத்தில் நல்ல வசதியான செங்குந்த முதலியார் குடும்பம். வீட்டுத் தொழிலையே பெரிதாகச் செய்யட்டும் என்று இங்கிலாந்தில் இருக்கும் லீட்ஸ் நகருக்கு ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க அனுப்பினார்கள். பட்டத்தோடு திரும்பியவர், கிளாடிஸ் என்ற ஆங்கிலேயப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார்.

ஊருக்கு வந்தவருக்குத் தறியில் மனம் ஒட்டவில்லை. தமிழ் சினிமா பேசத் தொடங்கி இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. சேலத்தில் எஸ்.எஸ்.வேலாயுதம் பிள்ளையின் ஏஞ்சல் பிலிம்ஸில் பங்குதாரராகச் சேர்ந்தார். ‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘துருவா’, ‘நல்லதங்காள்’ படங்கள் வந்தன. அப்போது தமிழ்ப் படம் எடுக்க வேண்டும் என்றால் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போக வேண்டும். நடிகர், பக்கவாத்தியம், சமையல்காரர் என்று ஒரு ஊரையே ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், அங்கே வாடகை ஸ்டூடியோவில் படம் எடுத்துத் திரும்புவார்கள்.

ஜவுளி வீட்டுக் கணக்கு தெரிந்தவருக்கு இந்தச் செலவு உறுத்தாமல் இருக்குமா? மில் என்றால் பஞ்சு ஒரு வாசலில் நுழைந்து துணியாக இன்னொரு வாசலில் வெளியே வர வேண்டும். சினிமாவுக்கும் அதே கணக்கைப் போட்டார். ஏற்காடு மலை அடிவாரத்தில் இடம் வாங்கி மாடர்ன் தியேட்டர்ஸை எழுப்பினார். படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, பிலிம் கழுவும் லேப், எடிட்டிங் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள். நடிகருக்கும் எழுத்தாளருக்கும் மாதச் சம்பளம். 1937-ல் முதல் படம் ‘சதி அகல்யா’ வந்தது. அடுத்த வருடமே மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ இங்கே தயாரானது. ஆமாம், மலையாள சினிமா பேசக் கற்றுக்கொண்டது சேலத்தில்தான்.

‘பாலன்’ படத்துக்கு கேமரா பிடித்தவர் ஒரு ஜெர்மன்காரர். அந்தக் காலத்தில் நல்ல கேமராமேன் வேண்டும் என்றால் இந்திய ஸ்டூடியோக்கள் ஜெர்மனியைத்தான் தேடும். முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்று உணர்ச்சியை ஒளியாலேயே சொல்லும் வித்தை அவர்களுக்குக் கைவந்திருந்தது. 1939-ல் போர் வெடித்ததும் இந்தியாவில் இருந்த ஜெர்மானியர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார்கள். பம்பாய் டாக்கீஸின் இயக்குநர் பிரான்ஸ் ஆஸ்டனும் கேமராமேன் ஜோசப் விர்ஷிங்கும் பிரிட்டிஷ் அரசால் பிடிக்கப்பட்டார்கள். போர் இந்திய சினிமாவுக்குள் வந்தது முதலில் இப்படித்தான்.

ஒரே பிலிமில் இரண்டு சின்னப்பா

1940-ல் ‘உத்தம புத்திரன்’. பி.யு.சின்னப்பா இரட்டை வேடம். தமிழில் அதற்கு முன் யாரும் பார்க்காத விஷயம். இரண்டு சின்னப்பாவும் ஒரே ஃபிரேமில் நிற்பது எப்படி?

இன்றைக்கு மொபைலிலேயே இதைச் செய்துவிடலாம். அன்றைக்கு லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு பாதியைப் படமெடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, மறைப்பை இந்தப் பக்கம் மாற்றி, நடிகர் உடையை மாற்றிக்கொண்டு வந்து அதே பிலிமில் மறுபாதி. கேமரா ஒரு நூல் அசைந்தாலும் நடுவில் கோடு தெரியும். நடிகர் கையை எல்லை தாண்டி நீட்டினால் கை காணாமல் போகும். எல்லாம் சரியாக வந்ததா என்று லேப்பில் கழுவிப் பார்த்த பிறகுதான் தெரியும்.

இதெல்லாம் பொறுமையும் ஒழுங்கும் இருக்கிற இடத்தில்தான் நடக்கும். சுந்தரத்தின் ஸ்டூடியோவில் கடிகாரம்தான் ராஜா. ஷூட்டிங்குக்கு வராத நட்சத்திரத்துக்காக அவர் காத்திருக்க மாட்டார் என்பதற்குப் பல கதைகள் சினிமா வட்டாரத்தில் இன்றும் உலவுகின்றன. ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் எம்.ஜி.ஆர். இல்லாத நேரத்தில் டூப் வைத்தே மிச்சக் காட்சியை முடித்தார் என்பது அதில் ரொம்பப் பிரபலம். தொழிலாளிகளுக்கு அவர் முதலாளி மட்டுமில்லை, கிட்டத்தட்ட ஒரு படைத் தளபதி.

பர்மா விழுந்தது, பிலிமும் ரேஷனுக்கு வந்தது

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான் கைக்குப் போனது. இது தமிழ்நாட்டுக்குத் தூரத்துச் செய்தி இல்லை. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்வாசி நிலம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கையில் இருந்தது. வயலிலும் துறைமுகத்திலும் கூலி வேலை பார்த்தவர்களிலும் தமிழர்கள் ஏராளம். லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே திரும்பினார்கள். வழியில் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்தது, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். சென்னையில் மூட்டை கட்டிய கூட்டம் உள்நாட்டு ஊர்களுக்கு ரயில் ஏறியது.

சினிமாவுக்கு வந்த அடி வேறு மாதிரி. பிலிம் சுருள் வெளிநாட்டில் இருந்து கப்பலில்தான் வர வேண்டும். கப்பலோ போருக்குப் போய்விட்டது. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. நிமிடத்துக்கு 90 அடி ஓடும் என்பதால் 11,000 அடி என்றால் சுமார் இரண்டு மணி நேரம். அதுவரை தமிழ்ப் படங்கள் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், பாட்டு மட்டுமே இரண்டு டஜனைத் தாண்டும். 1943-ல் பிலிம் சுருளே லைசென்ஸ் இருந்தால்தான் கிடைக்கும் என்ற நிலை வந்தது. அரிசி, மண்ணெண்ணெய் போல பிலிமும் ரேஷன் சரக்கு.

லைசென்ஸ் கொடுக்கிற அரசுக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. போருக்கு ஆதரவாகப் படம் எடுங்கள் என்பதுதான் அது. கே.சுப்ரமணியம் ‘மானசம்ரட்சணம்’ எடுத்தார். ஜெமினியில் இருந்து ‘கண்ணம்மா என் காதலி’ வந்தது. இவர்களில் கே.சுப்ரமணியம் 1939-லேயே ‘தியாக பூமி’ எடுத்துக் காங்கிரஸ் ஆதரவுக்காகப் பெயர் வாங்கியவர், அந்தப் படம் தடையும் ஆனது. அவரே போர்ப் படம் எடுத்தார் என்றால் நெருக்கடி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுந்தரத்துக்கு நெருக்கடி இன்னும் அதிகம். மற்ற தயாரிப்பாளர் பிலிம் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் படம் எடுக்காமல் சும்மா இருக்கலாம். மாதச் சம்பளத்தில் ஆட்களை வைத்திருக்கிற ஸ்டூடியோவுக்கு அது முடியாது. பிலிம் இல்லை என்றால் அடுப்பு எரியாத வீடு சேலத்தில் பல இருந்திருக்கும். அவர் வெள்ளைக்கார விசுவாசியா, வியாபாரியா என்ற கேள்வியை இந்தச் சம்பளப் பட்டியலைப் பார்க்காமல் முடிவு செய்வது சரியாக இருக்காது.

சேலத்தில் ஒரு பர்மா

‘பர்மா ராணி’ கதை இதுதான். இந்திய விமானப்படை வீரர்கள் ஜப்பான் பிடியில் இருக்கும் பர்மாவில் விழுந்து சிக்கிக்கொள்கிறார்கள். எதிரி தேடுகிறான். ரகசியமாக இவர்களுக்கு உதவும் ஆட்களும் இருக்கிறார்கள். அதில் முக்கியமானவள் ராணி. கே.எல்.வி.வசந்தா ராணியாகவும் ஹொன்னப்ப பாகவதர் நாயகனாகவும் நடித்தார்கள். செருகளத்தூர் சாமா, என்.எஸ்.கிருஷ்ணன், டி.ஏ.மதுரம், காளி என்.ரத்னம் என்று அன்றைய பெரிய கூட்டணி.

போர் நடக்கும்போது பர்மாவுக்குப் போய் ஷூட்டிங் நடத்த முடியாது. எனவே பர்மாவை சேலத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்தக் காலத்து ஸ்டூடியோ யுத்தம் பெரும்பாலும் கைவேலை. கம்பியில் தொங்கும் மாதிரி விமானம், துணியில் வரைந்த வானம், புகை, வெடிச் சத்தம். விமானி முகத்தை க்ளோசப்பில் காட்டி, பின்னால் மேகத்தை நகர்த்தினால் அவர் பறக்கிறார். குண்டு விழுவதைக் காட்ட வேண்டாம், சத்தத்தைக் கேட்கவைத்து முகத்தில் வெளிச்சத்தை ஒருமுறை அடித்தால் போதும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இது பெரிய வசதி. நிழல் இருந்தால் அட்டைச் சுவரும் கோட்டை ஆகும்.

கட்டுப்பாட்டு அளவும் இதில் ஒரு வேலை செய்தது. 11,000 அடிக்குள் முடிக்க வேண்டிய படத்தில் கேமரா எதையும் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. புராணப் படத்தில் மூன்று பாட்டு எடுக்கிற நேரத்தில், இங்கே ஒரு துரத்தல் முடிந்தாக வேண்டும். பின்னாளில் மாடர்ன் தியேட்டர்ஸ் படம் என்றாலே சண்டை, சஸ்பென்ஸ், வேகம் என்று பெயர் வந்ததே, அதற்கு ரேஷன் பிலிமும் ஒரு காரணம் என்று தாராளமாகச் சொல்லலாம்.

இனி படத்தின் குறியீடுகள். முதலில் தலைப்பு. யுத்தப் படம், ஆனால் தலைப்பில் போர்வீரன் இல்லை, ஒரு பெண் இருக்கிறாள். ஊரையும் நாட்டையும் பெண்ணாகப் பார்ப்பது நமக்குப் புதுசு இல்லை. ராணியைக் காப்பாற்றுவது என்றால் பர்மாவைக் காப்பாற்றுவது என்று டிக்கெட் வாங்கிய யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியது இல்லை. அடுத்து வானம். ராமாயணம் பார்த்து வளர்ந்த ரசிகனுக்கு மேகத்தில் மறைந்து அடிக்கும் இந்திரஜித்தைத் தெரியும். குண்டுவீச்சு விமானம் அவனுக்குப் புரியாத விஷயமாக இருந்திருக்காது.

மூன்றாவது, சுந்தரமே போட்ட அந்த யூனிஃபார்ம். பாகவதரைப் போலப் பாடும் நாயகன் ஒரு பக்கம், பாடாத, சிரிக்காத, உத்தரவு மட்டும் போடும் அதிகாரி மறுபக்கம். செட்டில் தினமும் உத்தரவு போட்டவரே திரையிலும் உத்தரவு போட்டார். விறைப்பாக நிற்கும் உடம்பு அவருக்கு இயல்பு. வேறு யாரைப் போட்டாலும் அந்த அதிகாரம் நடிப்பாகத்தான் இருந்திருக்கும். சுவாரஸ்யம் என்னவென்றால், 1946-ல் ‘சுலோசனா’வில் அவர் மறுபடி நடித்தார். வேடம், இந்திரஜித். அதாவது இரண்டு போரிலும் எதிரிப் பக்கத்தில் நின்றவர் முதலாளிதான்.

இரண்டு ராணிகள்

‘பர்மா ராணி’யை இன்று பேச வேண்டியதற்குப் பெரிய காரணம் படத்துக்கு வெளியே இருக்கிறது.

படத்தில் பர்மா என்றால் ஜப்பான்காரன் எதிரி, பிரிட்டிஷ் இந்தியப் படை நம்ம ஆள். அதே நேரத்தில் உண்மையான பர்மாவில் நடந்தது என்ன? நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவம் ஜப்பானோடு சேர்ந்து பிரிட்டிஷ் படையை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்தது. மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள் அதில் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்திருந்தார்கள். 1943-ல் சிங்கப்பூரில் பெண்களுக்கு என்றே ஒரு படை உருவானது. தலைமை, சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன். கேப்டன் லட்சுமி என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்தப் படையின் பெயர் ஜான்சி ராணி படை. அதிலும் தமிழ்ப் பெண்கள் ஏராளம்.

அதாவது, திரையில் ஒரு ராணி ஜப்பானுக்கு எதிராக உளவு பார்க்கிறாள். திரைக்கு வெளியே, அதே பர்மாவில், ராணியின் பெயரைச் சுமந்த தமிழ்ப் பெண்கள் ஜப்பான் இருந்த பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்கிறார்கள்.

இந்தியாவில் இருந்தவர்களுக்கு அப்போது இது முழுசாகத் தெரியாது. போர்க்காலத் தணிக்கை அப்படி. ரகசியமாக ஆசாத் ஹிந்த் ரேடியோ கேட்டவர்களுக்குக் கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். 1945 மே மாதம் ரங்கூன் மறுபடி பிரிட்டிஷ் கைக்கு வந்தது. ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. நவம்பரில் செங்கோட்டையில் ஐ.என்.ஏ. அதிகாரிகள் மீது வழக்கு தொடங்கியபோது தேசமே கொந்தளித்தது. பர்மாவில் போரிட்டவர்கள் வீடு வீடாக மாட்டிவைக்கும் படங்களில் ஹீரோ ஆனார்கள். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு அர்த்தம் இருந்த அதே பர்மாவுக்கு, ஆண்டு முடிவதற்குள் நேர் எதிரான அர்த்தம் வந்துவிட்டது.

ஒரு படத்தின் குறியீடு இவ்வளவு சீக்கிரம் தலைகீழாவது அபூர்வம். கேமரா கோணம் மாறவில்லை, வசனம் மாறவில்லை. பார்க்கிறவன் மாறிவிட்டான். மாடர்ன் தியேட்டர்ஸின் பெருமை பேசும்போது ‘உத்தம புத்திரன்’, ‘மனோன்மணி’, ‘மந்திரி குமாரி’ என்று சொல்லிக்கொண்டே போகிறவர்கள் ‘பர்மா ராணி’யை வேகமாகத் தாண்டிவிடுவதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். தரம் ஒரு பக்கம், தர்மசங்கடம் இன்னொரு பக்கம்.

போருக்குப் பிறகு

சுந்தரம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பிலிம் கட்டுப்பாடு போனதும் ஸ்டூடியோ முழு வேகத்தில் ஓடியது. 1947-ல் ‘ஆயிரம் தலை வாங்கிய அபூர்வ சிந்தாமணி’. 1950-ல் கருணாநிதி வசனத்தில் எம்.ஜி.ஆர். நடித்த ‘மந்திரி குமாரி’. அடுத்த வருடம் ‘சர்வாதிகாரி’. ஐந்து வருடம் முன்பு அரசு கேட்ட படத்தை எடுத்த அதே இடம், இப்போது அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் வசனத்துக்கு மேடை ஆனது. பாரதிதாசன், கண்ணதாசன் என்று அங்கே வேலை பார்த்த எழுத்தாளர்களின் பட்டியல் நீளம்.

1952-ல் அமெரிக்கத் தயாரிப்பாளர் வில்லியம் பெர்க்கோடு சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படம். ஹாலிவுட் நடிகர்கள் சேலத்துக்கு வந்து நடித்தார்கள். 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், கேவாகலரில். கேமரா, டபிள்யூ.ஆர்.சுப்பாராவ். மூன்று வருடம் கழித்து ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ என்ற இன்னொரு யுத்தப் படத்துக்கு வண்ணத்தில் கேமரா பிடித்தவரும் இதே சுப்பாராவ்தான். அதில் வெள்ளைக்காரன் எதிரி. கைதட்டலுக்குக் குறைவே இல்லை. 1961-ல் மலையாளத்தின் முதல் வண்ணப் படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ படத்தையும் சுந்தரமே எடுத்தார். மலையாளத்தை முதலில் பேச வைத்தவர், முதலில் கலரும் பூசினார்.

1963 ஆகஸ்ட் 30-ல் அவர் காலமானார். வயது 56. மகன் ராமசுந்தரம் ஸ்டூடியோவைத் தொடர்ந்து நடத்தினார். காலம் மாறியது. சினிமா முழுசாகச் சென்னைக்குப் போனது, மாதச் சம்பள நடிகர் என்ற ஏற்பாடே இல்லாமல் போனது. 1980களில் மாடர்ன் தியேட்டர்ஸ் கதை முடிந்தது.

சேலத்தில் இருந்து ஏற்காடு போகிற ரோட்டில் அந்த ஸ்டூடியோவின் முகப்பு வளைவு இன்னும் நிற்கிறது. சுற்றுலா போகிறவர்கள் அதன் முன் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். வளைவுக்குப் பின்னால் தளமும் லேப்பும் இல்லை, ஜப்பான் முகாமும் இல்லை. வீடுகள் இருக்கின்றன.